சிவப்பு மையும் பூர்வி ஸ்டாரும்: அப்பாவின் பட்டாளப் பெட்டியை எப்படிப் படிப்பது?

கேள்வி:

ஐயாவுக்கு வணக்கம். குலசேகரம் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். 1965 பிப்ரவரியில் சேர்ந்து 1976 செப்டம்பரில் திரும்பிவிட்டார். பென்ஷன் கிடையாது. அப்புறம் சாகும்வரை ரப்பர் பால்வெட்டுத்தான். கத்தி பட்டு யாருக்காவது கை கிழிந்தால் முதலில் அப்பாவிடம்தான் கட்டுப் போட வருவார்கள். குடிப்பார். குடித்த நாளில் அம்மாவுக்கு அடி விழும். போரைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு வருடம் முன்பு இறந்துபோனார்.

போன மாதம் அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். மெரூன் நிறத் தொப்பி, அதில் பாம்பு சுற்றிய கோல் போட்ட பேட்ஜ், பாராசூட் சிறகு, பூர்வி ஸ்டார், சங்க்ராம் என்று இரண்டு பதக்கங்கள், '60 பாரா' என்று எழுதிய டிஸ்சார்ஜ் புத்தகம். கூடவே சிவப்பு மையில் நான்கு தண்டனைகள் எழுதிய ஒரு தாள். எல்லாவற்றின் நகலும் இணைத்திருக்கிறேன்.

எங்கள் ஆலய வளாகத்தில், ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயரைக் கல்லில் பொறிக்கப் போகிறார்கள். பென்ஷன் வாங்கியவர்களின் பெயர் மட்டும்தான் என்று கமிட்டி சொல்கிறது. கமிட்டியில் ஒரு பெரியவர், 'அவன் ஓடிவந்தவன், போலீஸ் தேடி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு' என்று சொல்லிவிட்டார். அண்ணன் அந்தத் தாளை எரித்துவிட்டுப் பதக்கத்தை மட்டும் காட்டலாம் என்கிறார். அம்மாவுக்கு வயது 74. அவர் எதுவும் சொல்லவில்லை. அப்பா நிஜமாகவே போருக்குப் போனாரா? ஓடிவந்தவரா? அம்மாவுக்கு ஏதாவது கிடைக்குமா? கல்லில் பெயர் போடக் கேட்பது சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாளை எரிக்க விடாதீர்கள். இன்றைக்கே அண்ணன் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். நீங்கள் அனுப்பிய நகல்களை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன், உங்கள் அப்பாவுக்குச் சாதகமான விஷயங்களில் பாதி அந்தச் சிவப்பு மைத் தாளில்தான் இருக்கிறது.

எரிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் கோப்புகளை ராணுவ ரெக்கார்ட் ஆபீஸ் 25 ஆண்டுதான் வைத்திருக்கும். அதன் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ ஒழுங்குமுறை. உங்கள் அப்பா வந்தது 1976-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசாங்கத்திடம் இருந்த கோப்பு அநேகமாக இப்போது இருக்காது. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பதே மிச்சமிருக்கும் ஒரே பிரதியாக இருக்கலாம். வக்கீல் என்ற முறையில் என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படித்தான் அசிங்கம் என்று நினைத்து ஒரு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டது. அவர்களுக்கு வேண்டிய ஒரே தேதி அந்தத் தாளில்தான் இருந்தது. பாட்டியும் பேரனும் என் முன்னால் உட்கார்ந்து அதைச் சொன்னது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, தொப்பியிலிருந்து தொடங்குவோம். மெரூன் தொப்பியைப் பார்த்ததும் எல்லோரும் துப்பாக்கி தூக்கிய கமாண்டோ என்றுதான் நினைப்பார்கள். நீங்களும் கடிதத்தின் ஓரத்தில் 'பாராசூட் ரெஜிமென்ட்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பேட்ஜில் இருப்பது பாம்பு சுற்றிய கோல். அது ராணுவ மருத்துவப் பிரிவின் சின்னம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தொழில் என்ற இடத்தில் 'ஆம்ப் அசிஸ்ட்' என்று சுருக்கி எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? ஆம்புலன்ஸ் அசிஸ்டன்ட். காயம்பட்டவனைத் தூக்கி, கட்டுப் போட்டு, டாக்டரிடம் கொண்டு சேர்க்கிற ஆள். '60 பாரா' என்பது 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். பாராசூட்டில் குதிக்கிற படையோடு அதன் மருத்துவ ஆட்களும் குதிக்க வேண்டும், அதனால் அவர்களுக்கும் அதே தொப்பி, அதே சிறகு. பால்வெட்டுக்காரர்கள் ரத்தம் சொட்ட ஏன் உங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள் என்பது இப்போது புரிகிறதா?

அந்த யூனிட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்கு அது தெரியாமலே போய்விட்டது. 1950-ல் கொரியப் போருக்கு இந்தியா சண்டைப் படையை அனுப்பவில்லை, இந்த ஆம்புலன்ஸ் யூனிட்டைத்தான் அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழ் டாக்டர். 1951 மார்ச் 23-ம் தேதி முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படையோடு சேர்ந்து அவரும் ஒரு சிறு மருத்துவக் குழுவும் குதித்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா என்ற உயர்ந்த வீர விருது கிடைத்தது. உங்கள் அப்பா அதற்குப் பதினைந்து ஆண்டு பிந்தியவர். ஆனால் அந்த யூனிட்டில் சேர்கிற ஒவ்வொரு புது ஆளுக்கும் அந்தக் கதைதான் முதலில் சொல்லப்பட்டிருக்கும்.

சிறகு சும்மா கிடைப்பதில்லை. பாராவுக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டார்கள், தானாகக் கை தூக்க வேண்டும். ஆக்ராவில் உள்ள பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை விமானத்திலிருந்து குதிக்க வேண்டும், அதில் ஒன்று ராத்திரியில். குலசேகரத்திலிருந்து போன இருபது, இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் அந்தக் கதவில் நின்று கீழே பார்த்திருக்கிறான். பிற்காலத்தில் அவர் என்ன ஆனார் என்பது வேறு விஷயம். இது நடந்தது.

இப்போது போர், 1971-ன் இந்திய-பாகிஸ்தான் போர். இரண்டு பதக்கமும் ஒரே மாதிரிச் சாட்சி சொல்வதில்லை. சங்க்ராம் பதக்கம் அந்தக் காலகட்டத்தில் படையில் இருந்த அனைவருக்கும் பொதுவாகக் கொடுத்தது. முகாமில் சமையல் செய்தவருக்கும் உண்டு. பூர்வி ஸ்டார் அப்படியில்லை, அது 1971-ல் கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்கு உரியது. ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், அப்பா போருக்குப் போனார். சங்க்ராம் பதக்கத்தின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், நம்பரும் ரேங்கும் பெயரும் சின்ன எழுத்தில் பொறித்திருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய பதக்கங்கள் கடையில் விலைக்குக் கிடைக்கின்றன என்று நாளைக்கு யாராவது வாய் திறந்தால் அந்த நம்பர் பதில் சொல்லும்.

ஆனால் ஒரு இடத்தில் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. அண்ணன் மகன் இணையத்தில் படித்துவிட்டு, 'தாத்தா டாங்கைலில் குதித்தவர்' என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். 1971 டிசம்பர் 11 மாலை, இப்போதைய வங்கதேசத்தில் டாங்கைல் பக்கம் 2-வது பாரா பட்டாலியன் குதித்தது. லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமை. டம்டம், கலைக்குண்டா விமானத் தளங்களிலிருந்து பாக்கெட், டகோட்டா, ஏ.என்.12 என்று கிடைத்த விமானத்தில் எல்லாம் ஏறிப் போனார்கள். வேலை ஒன்றுதான், லோகஜங் ஆற்றின் மேல் உள்ள பூங்லி பாலத்தைப் பிடித்து, வடக்கே மைமன்சிங் பக்கமிருந்து டாக்காவை நோக்கிப் பின்வாங்கி வரும் பாகிஸ்தான் பிரிகேடை மறிப்பது. அன்று இரவே பாலம் கைக்கு வந்தது. ஐந்து நாள் கழித்து, 16-ம் தேதி டாக்காவில் சரணடைதல். அந்தப் பட்டாலியனோடு பீரங்கிக்காரர்களும் இன்ஜினியர்களும் மருத்துவ ஆட்களும் சேர்ந்துதான் இறங்கினார்கள்.

அவர்களில் உங்கள் அப்பாவும் ஒருவரா என்பதைப் பூர்வி ஸ்டார் சொல்லாது. அந்த 2-வது பட்டாலியன் சேர்ந்திருந்த 50-வது பாரா பிரிகேடின் மற்றப் பட்டாலியன்கள் அதே கிழக்கு முனையில் ஜெசூர் பக்கம் தரையில் நின்று சண்டை போட்டன. அங்கேயும் ஆள் செத்தார்கள், அங்கேயும் ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் வேண்டியிருந்தது. அங்கிருந்தவருக்கும் இதே ஸ்டார்தான். காகிதம் கைக்கு வரும் வரை 'டாங்கைல்' என்ற சொல்லை எங்கேயும் எழுத வேண்டாம். இல்லாததை ஒன்று எழுதி அது பொய்யென்று ஆனால், இருக்கிறதையும் ஊர் நம்பாது.

அடுத்தது சிவப்பு மை. அது கண்டக்ட் ஷீட்டின், அதாவது தண்டனைகளை எழுதிவைக்கும் நடத்தைத் தாளின் நகல். வெளியே அனுப்பும் முன் காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருப்பார்கள், அதோடு இணைத்த நகலாக இருக்கும் என்று நினைக்கிறேன். காவலில் வைப்பது போன்ற பெரிய தண்டனையைச் சிவப்பு மையிலும், சின்னதைக் கறுப்பு மையிலும் எழுதுவார்கள். பட்டாளத்துக்காரர் வீட்டில் 'ரெட் இங்க் என்ட்ரி' என்ற பேச்சு வருவது இதிலிருந்துதான். அப்பாவின் நான்கையும் தேதியோடு படிக்கிறேன், நீங்களும் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது 1968. ராணுவச் சட்டம் 39-ம் பிரிவு, லீவு முடிந்து ஒன்பது நாள் தாமதமாகத் திரும்பியது. இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ரயில். நம் மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979-ல். 1968-ல் ஆக்ராவிலிருந்து குலசேகரத்துக்கு ஒருவர் லீவில் வந்தால், திருவனந்தபுரம் வரை ரயில், பிறகு பஸ். திரும்பும்போதும் அப்படியே. ஒரு வண்டி தவறினால் நாள் கணக்கில் போகும். லீவு நீட்டிக்கத் தந்தி அடித்தால் பதில் வருவதற்குள் லீவே முடிந்துவிடும். ஒன்பது நாளுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்துத் தென்கோடி சிப்பாய்களின் தாள்களில் இந்தக் குற்றம் எவ்வளவு சாதாரணமாகக் கிடக்கும் என்பதைப் பார்த்துப் பழகியவன் நான்.

அதன் பிறகு 1969, 70, 71 மூன்று ஆண்டுக்கும் தாளில் ஒன்றுமே இல்லை. அந்த வெற்றிடத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். போருக்கு முந்தின தயாரிப்பும் போரும் முழுக்க அந்த வெற்றிடத்துக்குள் வருகிறது. எந்த நேரத்தில் ஒரு சிப்பாய் தேவைப்பட்டாரோ அந்த நேரத்தில் அவர் மீது ஒரு புகாரும் இல்லை.

இரண்டாவது 1972 ஆகஸ்ட், 48-ம் பிரிவு, குடிபோதை. மூன்றாவது 1973, மறுபடி 39-ம் பிரிவு, அனுமதியில்லாமல் 41 நாள் வரவில்லை, 28 நாள் கடுங்காவல். கமாண்டிங் ஆபீசர் தன் மேசையில் வைத்தே விதிக்கக்கூடிய அதிகபட்சக் காவல் தண்டனை அந்த 28 நாள்தான். நான்காவது 1975, 40-ம் பிரிவு, மேலதிகாரியிடம் மரியாதையில்லாத பேச்சு.

கமிட்டிப் பெரியவர் சொன்ன போலீஸ் கதைக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு சிப்பாய் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால், பிடித்துத் தரும்படி யூனிட்டிலிருந்து அவருடைய ஊர்ப் போலீசுக்குத் தாள் வரும். போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். முப்பது நாள் தாண்டினால் யூனிட்டில் ஒரு விசாரணை மன்றம் கூடிப் பதிவு செய்யும். ஊருக்குத் தெரிந்தது அந்தப் போலீஸ்காரர் வந்தது மட்டும். அப்புறம் நடந்தது ஊருக்குத் தெரியாது, ஆனால் தாளில் இருக்கிறது. 1973 பதிவின் கடைசி வரியைப் படியுங்கள், 'தானாகவே திரும்பி வந்து ஆஜரானார்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ராணுவத்தை விட்டு ஓடிப்போவது 38-ம் பிரிவு. அது தனிக் குற்றம், கடுமையான குற்றம். திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் போனவர் மீது போடுவது. உங்கள் அப்பா மீது அந்தப் பிரிவு எங்கேயும் போடப்படவில்லை. 41 நாள் கழித்து, தண்டனை காத்திருக்கிறது என்று தெரிந்தே, தானாக வண்டி ஏறிப் போயிருக்கிறார். 'ஓடிவந்தவர்' என்ற சொல் சட்டப்படியும் தவறு, நடந்ததன்படியும் தவறு. எரிக்கப் போன தாள்தான் இதற்கு ஆதாரம். அண்ணனிடம் அந்தக் கடைசி வரியை விரல் வைத்துக் காட்டுங்கள்.

1973-ல் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் மட்டும்தான் கேட்க முடியும். ஒரு சாவா, ஒரு பிரசவமா, கடனா, எனக்குத் தெரியாது. அம்மா சொன்னால் கேளுங்கள். சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நான்கில் மூன்று போருக்குப் பிறகு வந்தவை. குடியும் போருக்குப் பிறகுதான் தாளில் ஏறுகிறது. போர்தான் அப்பாவை இப்படி ஆக்கியதா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. நான் வக்கீல், டாக்டர் இல்லை. தேதிகளை வைத்து இறந்துபோனவருக்கு நோய் எழுதிக் கொடுக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். போர் மனதில் விட்டுச்செல்லும் காயத்துக்கு இன்று வழங்கும் மருத்துவப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான். 1972-ல் ஒரு சிப்பாய் இரவில் தூங்காமல் குடித்தால், அவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்க வழியில்லை. குற்றப்பத்திரிகை எழுதத்தான் வழி இருந்தது. அதுவும் காயம்பட்டவர்களையே நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதை வைத்து அம்மா பட்ட அடியை யாரும் சரிக்கட்டிவிடக் கூடாது. போரில் பத்துப் பேரைத் தூக்கிக் காப்பாற்றியிருந்தாலும் வீட்டில் கை நீட்டியது கை நீட்டியதுதான். பட்டாளத் தாள் எதிலும் அந்தப் பதிவு வராது. அதைப் படித்தவர் அம்மா ஒருவர்தான்.

இனி அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்பது. மனது கஷ்டப்பட்டாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சிப்பாய்க்குச் சர்வீஸ் பென்ஷன் வேண்டுமென்றால் 15 ஆண்டு தகுதிச் சேவை வேண்டும். அப்பாவுக்கு 11 ஆண்டு 7 மாதம், அதிலும் வராமல் இருந்த நாட்கள் கழியும். குறைவை மன்னிக்க விதி இருக்கிறது, ஆனால் அது ஓராண்டு வரைதான் போகும். மூன்றரை ஆண்டுக்குப் போகாது. அவருக்குப் பென்ஷன் இல்லாததால் அம்மாவுக்கு அந்த வழியில் குடும்பப் பென்ஷனும் இல்லை. ஒரே ஒரு கதவை மட்டும் சோதித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் சேர்ந்த பலரை இத்தனை ஆண்டு நேரடிச் சேவை, அதன் பிறகு இத்தனை ஆண்டு ரிசர்வ் (வீட்டில் இருக்கலாம், கூப்பிட்டால் போக வேண்டும்) என்ற கணக்கில் எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து 15 வந்தவர்களுக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ரிசர்வுக்கு மாற்றியதாக ஏதாவது வரி இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய நகலில் நான்காம் பக்கம் மங்கலாக இருக்கிறது. அதை மட்டும் மறுபடி வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.

அந்த டிஸ்சார்ஜையே எதிர்த்து வழக்குப் போடலாமா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். நான்கு சிவப்பு மைப் பதிவு இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற வழக்கம் ராணுவத்தில் ரொம்ப நாளாக இருந்தது. 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நான்கு என்ற எண்ணிக்கை மட்டும் போதாது, விசாரணை நடத்த வேண்டும், எத்தனை ஆண்டு சேவை, எப்படிப்பட்ட கஷ்டமான இடங்களில் வேலை பார்த்தார் என்பதையெல்லாம் எடை போட வேண்டும் என்று சொன்னது. படிக்கும்போது உங்கள் அப்பாவுக்காகவே எழுதியது போல இருக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்பது 1988-ல் வந்த ஒரு ராணுவத் தலைமையகச் சுற்றறிக்கை மேல். அப்பா வெளியே வந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு. அவரும் உயிரோடு இல்லை, ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது, எதிர்தரப்பில் கோப்பும் இருக்காது. சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு இதைக் கொண்டுபோனால் என் ஃபீஸ் வரும், உங்களுக்கு ஒன்றும் வராது. வேண்டாம்.

அதற்குப் பதிலாக நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பென்ஷன் இல்லாத, ஹவில்தார் ரேங்க் வரை இருந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும், 65 வயது கடந்திருந்தால், வறுமை நிவாரணமாக மாதாமாதம் உதவித்தொகை தரும் ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் அந்த அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே முதலில் பார்ப்பது அப்பா எப்படி வெளியே வந்தார் என்பதை. டிஸ்மிஸ் வேறு, டிஸ்சார்ஜ் வேறு. டிஸ்மிஸ் ஆனவருக்கு 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியே கிடையாது. அப்பாவின் புத்தகத்தில் டிஸ்சார்ஜ் என்றுதான் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'சர்வீசஸ் நோ லாங்கர் ரிக்வயர்டு', அதாவது இனி இவருடைய பணி தேவையில்லை. நடத்தை 'ஃபேர்'. 'எக்ஸம்ப்ளரி'யிலிருந்து கீழே இறங்கி வரும் வரிசையில் அது நடுவில் நிற்கிறது. கடைசியில் இல்லை. 'நடத்தைக் கேடு' என்ற வார்த்தை அந்த இடத்தில் இல்லை என்பதை அலுவலரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நடத்தைக் கேட்டுக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ அனுப்பப்பட்டவரா என்பதுதான் அவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். எந்த முடிவானாலும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் 'கிடைக்காதும்மா' என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். 'உங்களுக்கு வாங்கித் தருகிறேன், வருவதில் பாதி கொடுங்கள்' என்று யாராவது வீடு தேடி வந்தால் திண்ணையிலேயே திருப்பி அனுப்புங்கள். இதற்குக் கட்டணமே கிடையாது.

அடுத்து லக்னோவுக்கு ஒரு கடிதம். மருத்துவப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ் அங்கேதான் இருக்கிறது. மெரூன் தொப்பியைப் பார்த்துவிட்டுப் பெங்களூரில் உள்ள பாராசூட் ரெஜிமென்ட் ரெக்கார்டுக்கு எழுதியிருந்தால் 'எங்கள் ஆள் இல்லை' என்று பதில் வந்திருக்கும், நீங்களும் சோர்ந்து போயிருப்பீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அப்பாவின் நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வந்த தேதி நான்கும் முதல் வரியிலேயே இருக்கட்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணையுங்கள். ஷீட் ரோல், அதாவது அவருடைய சேவை விவரம் எழுதிய தாள் இருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். அது அழிந்திருந்தாலும் 'லாங் ரோல்' என்ற பெரிய பதிவேட்டை அழிப்பதில்லை, அதில் அப்பாவின் பெயருக்கு நேராக உள்ள வரியின் நகலைக் கேளுங்கள். 1971 டிசம்பர் மாதத்துக்கு 60 பாரா யூனிட்டின் பார்ட் டூ ஆர்டரில் அவரைப் பற்றிய பதிவையும் கேளுங்கள். ஒரு சிப்பாய் எந்த இடத்துக்குப் போனார், எப்போது திரும்பினார் என்பதை அன்றாடம் எழுதும் தாள் அது. டாங்கைலா ஜெசூரா என்ற கேள்விக்கு விடை எங்காவது இருந்தால் அங்கேதான் இருக்கும்.

பெயரில் ஒரு சின்னச் சிக்கல் வரலாம். அப்பா பிறந்தது 1946-ல் என்றால், அப்போது நம் ஊர் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு இணைந்தன. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று மலையாளத்தில் இருக்கலாம், வீட்டுப்பெயரும் சேர்ந்திருக்கலாம். பட்டாளத்தில் அதை அவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். உங்கள் நகலில் அப்பாவின் பெயர் இரண்டு விதமாக இருப்பதைப் பார்த்தேன். நோட்டரியிடம் இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி இணைத்துவிடுங்கள். இங்கே இது ரொம்பச் சாதாரணம்.

கடைசியாகக் கல். கேட்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரிதான், ஆனால் நீங்களோ அண்ணனோ நானோ முடிவு செய்யும் விஷயம் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா அந்தக் கல்லைக் கடந்துதான் ஆலயத்துக்குள் போக வேண்டும். அவர் பேசாமல் இருப்பதற்குச் சம்மதம் என்று அர்த்தம் வைக்காதீர்கள். கூட்டம் இல்லாத நேரத்தில், தொப்பியையும் பதக்கத்தையும் சிவப்பு மைத் தாளையும் மூன்றையும் அவர் முன்னால் வைத்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

வேண்டும் என்று சொன்னால், கமிட்டிக்கு எழுதிக் கொடுங்கள். 'பென்ஷன் வாங்கியவர்கள் மட்டும்' என்று அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் சரியில்லை. கல்லில் போடுவது பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர். 15 ஆண்டு முடிக்காமல் வந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர், போரில் செத்தவர்கள் பலரும் 15 ஆண்டு முடித்தவர்கள் இல்லை. பூர்வி ஸ்டாரின் படம், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கம், 1973 பதிவின் நகல் மூன்றையும் இணையுங்கள். ஆம், அந்தச் சிவப்பு மை நகலையும்தான். நீங்களே கையில் கொடுத்துவிட்டால் திண்ணைப் பேச்சுக்கு அதில் ஒன்றும் மிச்சம் இருக்காது. பெரியவரிடம் தனியாகப் போய், 'மாமா, போலீஸ் வந்தது நிஜம்தான், ஆனா அப்பா தானாத்தான் திரும்பிப் போனாரு, இதோ எழுதியிருக்கு' என்று காட்டுங்கள். அவர் ஞாபகத்தை யாரும் பொய் என்று சொல்லவில்லை என்று தெரிந்தால் அவரே இறங்கி வரலாம்.

கல்லில் வாசகம் கேட்டால் பெயர், '60 பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்', '1965–1976', '1971 போர், கிழக்கு முனை'. அவ்வளவு போதும். வீரர், தியாகி என்ற அடைமொழி எதுவும் வேண்டாம். லக்னோவிலிருந்து டாங்கைல் என்று காகிதம் வந்தால் பிறகு ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள்.

காகிதங்களை லேமினேட் செய்துவிடாதீர்கள், அசல் கெட்டுப்போகும், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொன்றாகப் படம் எடுத்துவிட்டு அசலைக் காகித உறையில் போட்டு வையுங்கள். தொப்பி கம்பளித் துணி. பூச்சி அரித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், துவைக்க வேண்டாம், நிழலில் மெதுவாக உதறி, பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். நான்காம் பக்கத்தின் படத்தை மறக்காமல் அனுப்புங்கள்.